எச்சில் பல்லைக் காப்பாத்தணும்னா சாப்பாட்டை எப்படி மாத்தணும்: முழுமையான வழிகாட்டி

ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் நமக்கு எச்சில் சுரக்குது. அதுல 99 சதவீதம் தண்ணிதான், ஆனா மிச்சம் இருக்கற அந்த ஒரு சதவீதம்தான் பல்லைக் காக்கற வேலையெல்லாம் பாக்குது. பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் அமிலத்தை முறிக்குது, கால்சியம் கரைஞ்ச எனாமலுக்கு (பல்லோட கெட்டியான மேல் ஓடு) திரும்பப் போய்ச் சேருது, லைசோசைம், லாக்டோபெரின், ஐஜிஏ மாதிரி புரதங்கள் கிருமிங்களைக் கட்டுப்படுத்துது, மியூசின்னு ஒரு வழவழப்பான புரதம் பல்லு மேல மெல்லிசா ஒரு உறை போடுது.

பல் கிளினிக்ல வர்றவங்களோட சாப்பாட்டு டைரியைப் பார்த்து மாத்தி எழுதித் தர்ற வேலை என்னோடது. புதுசா ஆரம்பிக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே வரிசையைத் தலைகீழா பண்றாங்க, முதல்ல மவுத்வாஷ் வாங்கறாங்க, சூயிங்கம் வாங்கறாங்க, "ஆல்கலைன் வாட்டர்"னு காசு செலவு பண்றாங்க, ஆனா எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே குடுக்காம நாள் முழுக்க ஏதாவது கொறிச்சிட்டே இருக்காங்க. அதனால கீழ இருக்கற வரிசையிலயே போங்க, நடுவுல தாண்டாதீங்க.

0. முன்னாடியே தயாரா வச்சுக்க வேண்டியது

ஒரு சின்ன நோட்டு, பேனா. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு, ஒரு சின்ன டம்ளர், மொபைல்ல டைமர். நீங்க தினமும் போடற மாத்திரைங்களோட லிஸ்ட்டும் வேணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னு 9-வது படில வரும்.

பிஎச் பேப்பர் (அமிலத்தை அளக்கறது, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) வேணும்னா வாங்கலாம், கட்டாயம் இல்ல. வாங்கினா 5-ல இருந்து 8 வரைக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் காட்டறதா பார்த்து வாங்குங்க, 1-ல இருந்து 14 வரைக்கும் இருக்கறது இதுக்கு உதவாது, 6-க்கும் 6.8-க்கும் வித்தியாசம் அதுல தெரியாது.

1. மூணு நாள் எதையும் மாத்தாம எழுதுங்க

ரெண்டு வேலை நாள், ஒரு லீவு நாள். வாய்க்குள்ள போற எல்லாத்தையும் மணியோட எழுதணும். எல்லாத்தையும்னா நிஜமாவே எல்லாத்தையும்தான், சமைக்கும்போது எடுத்து வாய்ல போட்ட வெல்லத்துண்டு, பஸ்ல போகும்போது சப்பின மிட்டாய், ஹோட்டல் பில்லோட குடுத்த சர்க்கரை பூசின சோம்பு, இருமல் சிரப், எல்லாம்.

இங்க நடக்கற பெரிய தப்பு, அளவை எழுதி நேரத்தை விட்டுடறது. எச்சிலைப் பொறுத்தவரைக்கும் எவ்வளவு சாப்பிட்டீங்கங்கறதை விட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வாய்ல இருந்துச்சுங்கறதுதான் கணக்கு. "காலைல டீ"னு எழுதினா பத்தாது, பத்தே முக்காலுக்கு ஆரம்பிச்சு பதினொன்றரை வரைக்கும் வேலை பார்த்துக்கிட்டே உறிஞ்சினேன்னு எழுதணும்.

இன்னொண்ணு, எழுதறோமேன்னு அந்த மூணு நாளும் நல்ல பிள்ளையா சாப்பிடறது. அப்படி எழுதின டைரியை வச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

2. எச்சில் எவ்வளவு வருதுன்னு அளந்து பாருங்க

எச்சிலே கம்மியா வர்றவங்களுக்கும் எச்சில் நல்லா வந்தும் சொத்தை வர்றவங்களுக்கும் செய்ய வேண்டியது வேற வேற, அதனாலதான் இதை மாத்தம் எதுவும் பண்றதுக்கு முன்னாடியே பாக்கணும்.

ஒன்றரை மணி நேரம் எதுவும் சாப்பிடாம, குடிக்காம, பல் தேய்க்காம, சிகரெட் பிடிக்காம இருங்க. அமைதியா உக்காருங்க, வாய்ல இருக்கறதை ஒரு தடவை முழுங்கிட்டு டைமரைப் போடுங்க. தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, நாக்கையும் கன்னத்தையும் அசைக்காம, வாய்ல தானா சேர்றதை நிமிஷத்துக்கு ஒரு தடவை டம்ளர்ல துப்புங்க. அஞ்சு நிமிஷம். நுரை அடங்கினதும் சிரிஞ்சால உறிஞ்சி அளவைப் பாருங்க, நுரையைக் கணக்குல சேர்க்கக் கூடாது.

சாதாரணமா நிமிஷத்துக்கு 0.3, 0.4 மில்லி வரும், அதாவது அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்றரை, ரெண்டு மில்லி. மொத்தமே அரை மில்லிக்குக் கீழ வந்தா எச்சில் சுரப்பு நிஜமாவே குறைஞ்சிருக்கு, இந்த வழிகாட்டியோட நிறுத்தாம டாக்டரைப் பாக்கணும். நடுவுல இருந்தா பயப்பட வேண்டாம், ஆனா 3, 5, 9 மூணையும் கவனமா படிங்க.

துப்பி வச்சுட்டு அரை மணி கழிச்சு பிஎச் பேப்பரை முக்கறவங்க நிறைய. எச்சிலை வெளிய வச்சா அதுல கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், பிஎச் இருக்கறதை விட ஏறிக் காட்டும், நல்லாத்தான் இருக்குன்னு தப்பா நினைச்சுக்குவீங்க. துப்பின உடனே பாருங்க. அடுத்த தடவை அளக்கும்போதும் அதே மணிக்கு அளங்க, ஏன்னா நாள் பூரா சுரப்பு ஏறி இறங்கிட்டே இருக்கும்.

3. முதல் மாத்தம் தண்ணி

உடம்புல தண்ணி குறைஞ்சா முதல்ல கை வைக்கறது எச்சில் மேலதான். உடம்புத் தண்ணில 8 சதவீதம் போச்சுன்னா எச்சில் கிட்டத்தட்ட நின்னே போயிடும். அந்த அளவுக்குப் போக வேண்டாம், சித்திரை வெயில்ல கட்டட வேலை பாக்கறவங்க, டூவீலர்ல டெலிவரி போறவங்க, பாத்ரூம் வசதி இல்லாததால தண்ணியே குடிக்காம இருக்கற கடைப் பொண்ணுங்க, இவங்களுக்கெல்லாம் மத்தியானத்துக்கு மேல வாய் பிசுபிசுன்னு ஆகறது இதனாலதான்.

லிட்டர் கணக்கு பாக்காதீங்க, சிறுநீர் வெளிர் மஞ்சளா போகுதான்னு பாருங்க. ஒரே மூச்சுல ஒரு லிட்டர் குடிக்கறதை விட மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கறது நல்லது. கிட்னி, இதயப் பிரச்சினைக்காக டாக்டர் தண்ணி அளவு குறிச்சுக் குடுத்திருந்தா அதைத் தாண்டக் கூடாது, வாய் கொப்பளிச்சுத் துப்பிக்கலாம்.

தண்ணின்னு சொன்னா வெறும் தண்ணிதான், இல்ல சர்க்கரை போடாத நீர்மோர் சாப்பாட்டோட. வாய் வறளுதேன்னு கூல் ட்ரிங்க்ஸ் குடிக்கறது ரொம்ப மோசம், கோலாவோட பிஎச் 2.5 பக்கத்துல, சர்க்கரை வேற. எச்சில் ஏற்கனவே கம்மியா இருக்கறப்ப அந்த அமிலத்தை முறிக்க எதுவுமே இருக்காது.

4. இடைவெளி. இதுதான் மொத்த வேலையும்

இந்தப் படியை மட்டும் ஒழுங்கா பண்ணாலே பாதிக்கு மேல முடிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

சர்க்கரையோ மாவோ வாய்க்குள்ள போனதும் பல்லுல ஒட்டியிருக்கற பாக்டீரியா அதைத் தின்னு அமிலம் விடுது. சில நிமிஷத்துலயே பல்லு மேல பிஎச் 5.5-க்குக் கீழ போயிடுது, அதுக்குக் கீழ எனாமல் கரைய ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில் வந்து கழுவி, பைகார்பனேட்டால முறிச்சு, பழைய நிலைக்குக் கொண்டு வர அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும். பிஎச் மேல ஏறினதுக்கு அப்புறம்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்ப எனாமல்ல படியும். நீங்க நாப்பது நிமிஷத்துல அடுத்ததை வாய்ல போட்டா அந்த ரிப்பேர் வேலை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

அடிக்கடி பாக்கற மாதிரி ஒரு டைரி சொல்றேன். காலைல 6-க்கு காபி, 8-க்கு இட்லி, பத்தரைக்கு டீயும் பிஸ்கட்டும், பதினொன்றரைக்கு யாரோ குடுத்த சாக்லேட், ஒன்றரைக்கு சாப்பாடு, ரெண்டரைக்கு சீட்ல இருந்தபடி கடலைமிட்டாய், நாலுக்கு டீ, அஞ்சரைக்கு மிச்சர், எட்டரைக்கு தோசை, பத்து மணிக்கு சர்க்கரை போட்ட பால். பத்து தடவை. தடவைக்கு நாப்பது நிமிஷம்னு வச்சாலும் கிட்டத்தட்ட ஆறே முக்கால் மணி நேரம் பல் அமிலத்துல இருக்கு. இவங்க அதிகமா சாப்பிடறவங்க இல்ல, காலைலயும் ராத்திரியும் பல் தேய்க்கறவங்கதான், அப்படியும் சொத்தை வருதேன்னு வருத்தப்படறவங்க.

இதை மாத்தறது கஷ்டமே இல்ல. காபியை இட்லியோட சேருங்க. சாக்லேட்டையும் கடலைமிட்டாயையும் மத்தியான சாப்பாடு முடிஞ்ச உடனே சாப்பிடுங்க, ஏன்னா அப்ப மென்ன வேகத்துல எச்சில் ஏற்கனவே நிறைய ஓடிக்கிட்டு இருக்கும், அதுல பைகார்பனேட்டும் அதிகம், அதே இனிப்பைத் தனியா சாப்பிடறதை விட பாதிப்பு கம்மி. மிச்சரை நாலு மணி டீயோடயே முடிங்க. பாலை சர்க்கரை இல்லாம ராத்திரி சாப்பாட்டோட குடிங்க. பத்து அஞ்சாயிடுச்சு, ஒண்ணையும் விடச் சொல்லல. நடுவுல ரெண்டு, ரெண்டரை மணி நேரம் தண்ணி மட்டும்.

தப்பு நடக்கற இடங்களும் இங்கதான் அதிகம். ஒரே டீயை முக்கால் மணி நேரம் வச்சு வச்சு குடிச்சா அதை ஒரு தடவைன்னு எண்ண முடியாது, முக்கால் மணி நேரமும் பிஎச் கீழயே கிடக்கும். சூடு ஆறினதும் பத்து நிமிஷத்துல முடிச்சுடுங்க. அடுத்தது, வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டு நாட்டுச்சர்க்கரை, தேன், பனங்கருப்பட்டின்னு மாறறது. பாக்டீரியாவுக்கு அதெல்லாம் ஒரே சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்ன அளவுலயும் தேன் சேர்த்திதான், ஒரு நாளைக்குத் தேவையான கலோரில 10 சதவீதத்துக்குள்ள, முடிஞ்சா 5 சதவீதத்துக்குள்ள, அதாவது பெரியவங்களுக்கு ஆறு டீஸ்பூன் பக்கம்.

மூணாவது, "நான் இனிப்பே தொடறதில்ல, காரம்தான்"னு சொல்றவங்க. எச்சில்ல அமிலேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது மாவை உடைச்சு மால்டோஸ்ங்கற சர்க்கரையா ஆக்கிடும். பிஸ்கட், சிப்ஸ், ரஸ்க் எல்லாம் பல் இடுக்குல கூழா அப்பிக்கும், அங்கேயே சர்க்கரையா மாறிட்டே இருக்கும். ஜவ்வு மாதிரி இருக்கற மிட்டாய்தான் ஒட்டும்னு நினைக்கறோம், நிஜத்துல பிஸ்கட்டும் சிப்ஸும் அதை விட அதிக நேரம் பல்லுல தங்குது.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க இடைவெளியை டாக்டரைக் கேக்காம நீட்டக் கூடாது, சுகர் இறங்கிடும். அவங்களுக்கு நடுவுல சாப்பிட சுண்டல், வறுத்த வேர்க்கடலை மாதிரி எதுவும் நல்லது, பிஸ்கட் வேண்டாம்.

5. மெல்ல வேண்டிய சாப்பாட்டைத் திரும்பக் கொண்டு வாங்க

சும்மா இருக்கும்போது வர்ற எச்சில்ல பைகார்பனேட் ரொம்பக் கம்மி. மெல்லும்போது சுரப்பு நிமிஷத்துக்கு 1, 2, 3 மில்லி வரைக்கும் ஏறும், ஏற ஏற பைகார்பனேட்டும் ஏறும், அமிலத்தை முறிக்கற சக்தி பல மடங்கு கூடும். காசில்லாம எச்சிலோட தரத்தை மாத்தற வழி இது ஒண்ணுதான்.

கூழாவே ஆகாரம் குடுத்த விலங்குகள்ல காதுக்கு முன்னாடி இருக்கற பெரிய எச்சில் சுரப்பி சுருங்கிப் போறதைப் பார்த்திருக்காங்க, கடினமான ஆகாரத்துக்கு மாத்தினா திரும்பப் பெருக்குது. வேலை குடுத்தாத்தான் அது சுருங்காம இருக்கும்.

தினமும் ஒரு வேளையாவது நிஜமா கடிச்சு மெல்லற பொருள் இருக்கணும், கொய்யா, வெள்ளரி, பச்சைக் கேரட், கொண்டைக்கடலை சுண்டல், வேகவச்ச வேர்க்கடலை. கொய்யாவை ஜூஸா அடிச்சா பிரயோஜனம் போச்சு, மெல்லற வேலையும் இல்ல, பழத்துல அடங்கியிருந்த சர்க்கரையும் வெளிய வந்துடுது. ஒரே பக்கமா மெல்லறவங்க காரணம் என்னன்னு பாருங்க, பெரும்பாலும் மறுபக்கம் ஒரு சொத்தையோ ஆடற பல்லோ இருக்கும், அதைச் சரி பண்ணாம இந்தப் படி நடக்காது.

6. புளிப்புல மட்டும் ஏமாந்துடாதீங்க

சுவைங்கள்லயே எச்சிலை அதிகமா வரவைக்கறது புளிப்புதான். அதனால வாய் வறண்டா எலுமிச்சையைக் கடி, நெல்லிக்காயை வாய்ல ஒதுக்கிக்கோன்னு வீட்ல சொல்லுவாங்க. எச்சில் ஊறும், உண்மைதான். ஆனா எலுமிச்சைச் சாறோட பிஎச் 2-ல இருந்து 2.5, ஊறுற எச்சில் அதைக் கழுவறதுக்குள்ள எனாமல் மேல் பரப்பு இளகிடும். எச்சில் சுரப்பி நல்லா இருக்கறவங்க எப்பவாவது சாப்பிட்டா சமாளிச்சுடும், வறண்ட வாய்க்காரங்க தினமும் பண்ணா பல் கூச்சம்தான் மிஞ்சும்.

லைம் ஜூஸ், புளிச்சாறு, மாங்காய் எல்லாம் சாப்பாட்டோட சேர்த்து, முடிச்சதும் தண்ணி கொப்பளிச்சுடுங்க. அரை மணி நேரத்துக்குக் குறைஞ்சு பல் தேய்க்காதீங்க, முடிஞ்சா ஒரு மணி நேரம் விடுங்க, இளகின எனாமலைப் பிரஷ்ஷால வழிச்செடுக்கற மாதிரி ஆயிடும். மசக்கையில வாந்தி எடுக்கறவங்களுக்கும் இதேதான், உடனே தேய்க்காம ஒரு டம்ளர் தண்ணில கொஞ்சம் சமையல் சோடா போட்டுக் கொப்பளிக்கணும். காலைல வெறும் வயித்துல லெமன் தண்ணி குடிச்சா "உடம்பு ஆல்கலைன் ஆகும்"னு வர்ற பார்வர்டை நம்பி தினமும் குடிக்கறவங்களை நிறைய பாக்கறேன். உள்ள என்ன ஆகுதோ, வாய்க்குள்ள அது அமிலம்தான்.

7. சாப்பாட்டை எதுல முடிக்கிறீங்க

கடைசியா வாய்ல போறதுதான் அடுத்த அரை மணி நேரத்தைத் தீர்மானிக்குது. ஒரு கை வேர்க்கடலை, சர்க்கரை இல்லாத பால், மோர், சீஸ் கிடைச்சா ஒரு துண்டு, இதெல்லாம் பிஎச்சைச் சீக்கிரம் மேல ஏத்தும். பால் பொருள்ல கால்சியமும் பாஸ்பேட்டும் கேசின்ங்கற பால் புரதமும் சேர்ந்தே வருது. வெறும் சோம்பு, ஏலக்காய் மெல்லறதும் நல்லதுதான், கலர் கலரா சர்க்கரை பூசின சோம்பு கணக்குல வராது.

சர்க்கரை இல்லாத சூயிங்கம் சாப்பிட்டு முடிச்சு இருபது நிமிஷம் மெல்லறது நல்ல பலன் தரும், அதுல சைலிட்டால்ங்கற இனிப்புப் பொருள் இருந்தா சொத்தை உண்டாக்கற கிருமியால அதைப் புளிக்கவைக்கவும் முடியாது. தாடை மூட்டு வலி இருக்கறவங்க வேண்டாம். வீட்ல நாய் இருந்தா அந்தப் பாக்கெட்டை எட்டாத இடத்துல வைங்க, சைலிட்டால் நாய்க்கு விஷம்.

பாக்கு பத்திக் கண்டிப்பா சொல்லணும். வெத்தலை பாக்கு போட்டா எச்சில் கொட்டும், அதனால பல்லுக்கு நல்லதுன்னு பெரியவங்க நம்பறாங்க. பாக்குல இருக்கற அரிகோலின் சுரப்பியைத் தூண்டறது நிஜம், ஆனா பாக்கே புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு 2004-லயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவுல வச்சிருக்கு, புகையிலை சேர்க்காட்டியும்தான். எச்சிலுக்காகப் பாக்கு போடாதீங்க, தயவு செஞ்சு.

டீ குடிச்சதும் வாய் துவர்க்கறது எச்சில்ல இருக்கற ஒரு வகைப் புரதத்தை டீல இருக்கற டானின்ங்கற துவர்ப்புப் பொருள் பிடிச்சு இறுக்கறதால. பால் சேர்த்தா அந்த டானின்ல கொஞ்சத்தை கேசின் பிடிச்சுக்கும். கட்டன் டீ குடிக்கறவங்க, அதுவும் வாய் வறட்சி இருந்தா, பின்னாடியே ரெண்டு வாய் தண்ணி குடிங்க.

8. எச்சில் தயாராகத் தேவையான சத்து

இதை எட்டாவதா வச்சதுக்குக் காரணம் பலன் தெரிய மாசக்கணக்கு ஆகும்ங்கறதுதான், முக்கியம் இல்லைன்னு அர்த்தம் இல்ல. 1990-கள்ல நீண்ட நாள் புரதக்குறைவோட இருந்த இந்தியக் குழந்தைங்ககிட்ட செஞ்ச ஆய்வுல, மெல்லும்போது வர்ற எச்சிலோட அளவும் அமிலத்தை முறிக்கற சக்தியும் குறைஞ்சிருந்தது தெரிஞ்சது. ஐஜிஏ, லைசோசைம் எல்லாமே புரதம்தான், சாப்பாட்டுல புரதம் இல்லாம அதுங்க எங்கிருந்து வரும்? சாதம், ரசம், அப்பளத்தோட முடியற சாப்பாட்டுல ஒரு கரண்டி கெட்டிப் பருப்போ முட்டையோ நெத்திலியோ கட்டாயம் சேருங்க. வைட்டமின் ஏ குறைஞ்சா சுரப்பியோட திசுவே பாதிக்கும், முருங்கைக்கீரை, கேரட், முட்டை மஞ்சள் கரு இதுக்கு.

கீரைல இன்னொரு வேலையும் நடக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. அரைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், முள்ளங்கி இதுல நைட்ரேட் நிறைய. நாம சாப்பிடற நைட்ரேட்ல கால்வாசியை எச்சில் சுரப்பி ரத்தத்துல இருந்து இழுத்துத் திரும்ப வாய்க்கே அனுப்புது, நாக்கோட பின்பக்கம் இருக்கற நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்துது, அமிலம் இருக்கற இடத்துல அது நைட்ரிக் ஆக்சைடா மாறி கெட்ட கிருமியை அடக்குது. டாக்டர் சொல்லாம தினமும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் போட்டா அந்த நல்ல பாக்டீரியாவும் செத்துடும், சாப்பிட்ட கீரை வீண்.

கீரையை வேகவச்ச தண்ணியைக் கொட்டினா நைட்ரேட்டும் அதோட போயிடும். கிட்னி கல் இருக்கறவங்களுக்கு வேற கணக்கு, அவங்க டாக்டர் சொன்னதைத்தான் கேக்கணும்.

9. ராத்திரி, மாத்திரை, வயசானவங்க, குழந்தைங்க

தூங்கும்போது எச்சில் கிட்டத்தட்ட நின்னுடும். பகல்ல ஒரு பிஸ்கட்டைக் கழுவ ஒரு மணி நேரம்னா, ராத்திரி அது அப்படியே கிடக்கும். புளோரைடு பேஸ்ட்ல தேய்ச்சு நுரையைத் துப்பிட்டா அதோட சரி, அப்புறம் தண்ணி மட்டும்தான். இருமல் சிரப், தொண்டைக்குச் சப்பற மாத்திரை இதையெல்லாம் தேய்க்கறதுக்கு முன்னாடி முடிங்க.

பாட்டில் பாலோட தூங்கற குழந்தைங்களுக்கு மேல் முன்பல்லு முதல்ல போகும், ஏன்னா எச்சில் ரொம்பக் கம்மியா, மெதுவா ஓடற இடம் அதுதான். கீழ் முன்பல்லு தப்பிச்சுக்கும், பக்கத்துலயே சுரப்பி திறக்குது. பாட்டிலைப் படுக்கைக்குக் கொண்டு போகாதீங்க.

அலர்ஜி மாத்திரை, மனஅழுத்த மாத்திரை, நீர் பிரியற பிபி மாத்திரை எல்லாம் வாயை வறளவைக்கும். நீங்களா நிறுத்தக் கூடாது, லிஸ்ட்டைக் காட்டி நேரத்தையோ மருந்தையோ மாத்த முடியுமான்னு கேளுங்க. இவங்கதான் வறட்சிக்காக மிட்டாய் சப்பறவங்க, அதுதான் பல்லை மொத்தமா அழிக்குது.

வயசானவங்களுக்குப் பல் இல்லைன்னு கஞ்சி, டீல நனைச்ச ரஸ்க், பிஸ்கட்னு நாள் பூரா குடுக்கறோம். ஈறு இறங்கி வேர் வெளிய தெரியற பல் 5.5 வரைக்கும் காத்திருக்காது, பிஎச் 6-க்கு மேல இருக்கும்போதே கரைய ஆரம்பிச்சுடும். அவங்களுக்குப் பல்செட்டைச் சரி பண்ணி மெல்ல வைக்கறதும், ரஸ்க்குக்குப் பதிலா மசிச்ச சுண்டல், முட்டை குடுக்கறதும் முதல் வேலை.

10. ஆறு வாரம் கழிச்சு

திரும்ப மூணு நாள் டைரி, அதே மணிக்கு எச்சில் அளவு. தடவை குறைஞ்சிருக்கா, நடுவுல இடைவெளி கூடியிருக்கான்னு முதல்ல பாருங்க, மில்லி அளவு அப்புறம். சுரப்பி நல்லா இருக்கறவங்களுக்கு மில்லி பெருசா மாறாது, அது தோல்வி இல்ல, பல்லுக்கு நடுவுல கிடைக்கற இடைவெளிதான் மாறணும்.

அளவு இன்னும் அரை மில்லிக்குக் கீழயே இருந்தா, தண்ணி இல்லாம சாதம் முழுங்க முடியலைன்னா, கண்ணும் சேர்ந்து வறண்டா, காதுக்குக் கீழ வீக்கம் இருந்தா, நாக்கு எரிஞ்சா சாப்பாட்டை மட்டும் மாத்திக்கிட்டு காத்திருக்காதீங்க. சுகர், ரத்தசோகை, ஷோக்ரன்னு சொல்ற நோய் எதிர்ப்புக் கோளாறு, இதுக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கணும். போகும்போது ரெண்டு டைரியையும் மாத்திரை லிஸ்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.